ரேடியோ படிக்க ஆசைப்படும் பெண்ணின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா,

"ரேடியோ கேட்பவர்களே குறைந்துவிட்டார்கள், இவள் அதைப் போய்ப் படிக்கிறேன் என்கிறாளே" என்று எழுதியிருந்தீர்கள். செல்போனில் நீங்கள் தட்டிய அந்தச் செய்தி கோபுரம் வரை போனது ரேடியோ அலையில்தான். வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ் எல்லாமே அதே அலைதான். பழசாகிப் போனது வானொலிப் பெட்டி மட்டுமே.

மின்காந்த அலை இருக்கும் என்று 1865-இல் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னார். இருபது வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து ஹெர்ட்ஸ் அதைச் சோதனையில் காட்டினார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி மோர்ஸ் குறியீட்டில் 'எஸ்' என்ற ஒரே எழுத்தைப் பிடித்ததாக அறிவித்தார். அப்புறம் வால்வு, டிரான்சிஸ்டர், செயற்கைக்கோள், செல்போன்.

இதில் ஜகதீஷ் சந்திர போஸை உங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 1890-களில் அவர் கல்கத்தாவில் சோதித்த அலைகளில் சில வெறும் 5 மில்லிமீட்டர் நீளம். அன்று அவற்றால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. இன்று கார்களில் பொருத்தும் ராடார் 77 கிகாஹெர்ட்ஸில், ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அலையில் ஓடுகிறது. 5ஜியின் உயர் அலைவரிசைகளும் அந்த வட்டாரம்தான். கருவிகள் எத்தனை முறை மாறினாலும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் மாறவில்லை. அதனால்தான் இந்தப் படிப்பை நான் தைரியமாகச் சிபாரிசு செய்கிறேன்.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். ஆண்டெனா வடிவமைப்பு, சிப் வடிவமைப்பு, ராடார், செயற்கைக்கோள் தரைநிலையம், அலைக்கற்றை நிர்வாகம் என்று பல பக்கம் இருக்கிறது. எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் இருப்பதும் ரேடியோ அலைதான். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இருபத்து சொச்சம் வாட் திறனில் அனுப்பும் சமிக்ஞையை இன்னும் பிடிக்கிறார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போகாது. அடுத்து 6ஜி, 2030-ஐ ஒட்டி வரும் என்று திட்டமிடுகிறார்கள். உங்கள் மகள் படித்து முடித்து வேலையில் ஊன்றும் காலம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கணக்கு நிறைந்த துறை. கலப்பெண், நுண்கணிதம், ஃபூரியர் (அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) இவற்றைக் கண்டு ஓடுகிறவள் என்றால் வேண்டாம். கை பழகவும் சில வருஷம் பிடிக்கும். முதல் வருஷமே பெரிய சம்பளம் என்று எதிர்பார்க்காதீர்கள். இளங்கலையில் மின்னணு மற்றும் தகவல்தொடர்புப் பொறியியலோ இயற்பியலோ எடுக்கலாம். கூடவே பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ளட்டும். இப்போது ரேடியோவின் பாதி வேலையை மென்பொருள்தான் செய்கிறது.

கல்லூரி தேடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மென்பொருள் ரேடியோவுக்கான யூஎஸ்பி டாங்கிள் (ரேடியோ அலையைப் பிடித்துக் கணினிக்குத் தரும் சின்னக் கருவி) ஒன்று வாங்கிக் கணினியில் செருகுங்கள். எஃப்எம் நிலையங்கள் ஒலிபரப்புவது 100 மெகாஹெர்ட்ஸ் வாக்கில்; அந்த அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 சென்டிமீட்டர். அந்த அளவில் இரண்டு கம்பி வெட்டி, எதிரெதிராக நீட்டி, ஆண்டெனாவாக இணைக்கட்டும். திரையில் ஒவ்வொரு எஃப்எம் நிலையமும் ஒரு பளிச்சென்ற கோடாக இறங்கி வரும். கம்பியைத் திருப்பினால் என்ன ஆகிறது, பாதியாக நறுக்கினால் என்ன ஆகிறது என்று அவளே பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்.

"ஏன் இப்படி?" என்று அவள் நாலு முறை கேட்டுவிட்டால், இருவரும் கல்லூரிப் பட்டியலோடு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.