ஏர் எடுத்த பிறகும் இன்ஜின் நிற்பது ஏன்?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகில், டேங்க்கை அடுத்துள்ள தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் இன்ஜின் மேலுள்ள ஃபில்டரையும் மாற்றினோம். கையால் பம்ப் அடித்து ஏர் எடுத்ததும் (டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றியதும்) இன்ஜின் கிளம்பியது. ஆனால் சிறிது நேரத்தில் திணறி நின்றுவிட்டது. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் இப்படியே நடக்கிறது. எஃப்.ஐ. பம்பை (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசலை அனுப்பும் பம்பை) கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இப்போதைக்குப் பம்பில் கை வைக்காதீர்கள். ஃபில்டர் மாற்றும் வரை நன்றாக ஓடிய இன்ஜின், மாற்றிய உடனே நிற்கிறது என்றால், பழுதைக் கழற்றி மாட்டிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். ஏர் எடுத்ததும் கிளம்பிப் பிறகு நிற்பதைப் பார்த்தால், ஏர் சரியாக எடுக்கப்படவில்லை என்பதைவிட, புதிதாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

டேங்க்கிலிருந்து, டீசலை இழுத்து எஃப்.ஐ. பம்புக்கு அனுப்பும் ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதியில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அதைத் தாண்டிய பகுதியில்தான் அழுத்தத்துடன் தள்ளப்படுகிறது. தள்ளும் பக்கத்தில் கசிவு இருந்தால் டீசல் சொட்டி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தாலோ, ஓட்டை விழுந்த குழலால் இளநீர் குடிப்பதுபோல, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் காற்று மட்டும் உள்ளே போகும். நீங்கள் மாற்றிய தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி, பழைய ரப்பர் வளையம் மேல்மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழையதன் மேல் புதியது உட்கார்ந்திருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் காற்று நுழையும். அடியிலுள்ள வடிகால் திருகு, குழாய் இணைப்புகளின் செப்பு வாஷர்கள், ஃபீட் பம்பின் கைப்பிடி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பம்ப் அடித்து முடித்ததும் அந்தக் கைப்பிடியைக் கீழே அழுத்தித் திருகிப் பூட்டாமல் விட்டால் அதன் வழியாகவே காற்று வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஐயம் தீர, ஃபீட் பம்புக்கு வரும் குழாயில் சிறிது நீளத்துக்கு டீசல் தாங்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஹோஸைத் தற்காலிகமாக இணைத்து இன்ஜினை ஓட்டுங்கள். குமிழிகள் ஓடினால் காற்று அதற்கு முன்னால்தான் நுழைகிறது. குமிழி இல்லாமலும் இன்ஜின் நின்றால் அடைப்பைத் தேடுங்கள்: டேங்க் வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது பெயின்ட் அடித்தபோது டேங்க்கின் காற்றுக் குழாயின் வாய் அடைபட்டிருக்கலாம்.

குறையைச் சரிசெய்த பிறகு டேங்க் பக்கமிருந்து தொடங்கி வரிசையாக ஏர் எடுங்கள். முதலில் இன்ஜின் ஃபில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை பம்ப் அடித்து, அடித்துக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். எஃப்.ஐ. பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். அதன் பிறகும் கிளம்பாவிட்டால் மட்டும், இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) முனையிலுள்ள குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் மட்டும் சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள். எஃப்.ஐ. பம்ப் ஒவ்வொரு வீச்சிலும் மிகச் சிறிதளவு டீசலையே தள்ளுவதால், இந்தக் குழாய்களில் காற்று இருந்தால் அது சுருங்கி விரிவதோடு சரி. இன்ஜெக்டரின் நாசிலைத் திறக்கும் அழுத்தம் உருவாகாது. ஸ்டார்ட்டரைச் சுழற்றும் நேரத்தில் கையையும் முகத்தையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவு காயமே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: புதிய ஃபில்டரில் டீசல் நிரப்பி மாட்டினால் ஏர் எடுக்கும் வேலை குறையுமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: குறையும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரில் தாராளமாக நிரப்பலாம். ஆனால் எஃப்.ஐ. பம்புக்கு முன்னுள்ள கடைசி ஃபில்டரைக் காலியாகவே மாட்டிக் கையால் பம்ப் அடித்து நிரப்புவதே நல்லது. அதன் நடுத்துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும். கேனின் அடியில் கிடந்த ஒரு துகள்கூட அதன் நுண்ணிய பாகங்களைக் கீறிவிடும்.