2017 லேப்டாப்: எஸ்எஸ்டி போட்டு ஓட்டுவதா, வேறு வாங்குவதா?

கேள்வி: 2017-ல் வாங்கிய லேப்டாப். ஐ5-7200யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் ஆகி குரோம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது, பேட்டரியும் நிற்பதில்லை. செலவு செய்து சரிபண்ணலாமா?

வேகத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஹிஞ்ச் (திரை மடங்கும் கீல்) பக்கம் பிளாஸ்டிக் வாய் பிளக்கிறதா? அப்படியென்றால் ஹிஞ்ச் ஸ்குரூவைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வந்துவிட்டது. எம்-சீல் வைத்து ஒட்டித் தருவார்கள். ஹிஞ்சின் இறுக்கத்தைத் தளர்த்தாமல் ஒட்டினால் கொஞ்ச நாளில் பக்கத்து நட்டும் பிய்யும். டிஸ்ப்ளே கேபிளும் அந்த வழியாகத்தான் போகிறது, அது நசுங்கினால் திரையும் போச்சு. ஹிஞ்ச் உடைந்து, கூடவே மதர்போர்டிலும் கோளாறு (சார்ஜ் ஏறாதது, தானாக அணைவது) இருந்தால் பணம் போடாதீர்கள்.

இரண்டும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா, சிபியு 15, 20-ல் சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். 4 ஜிபி ரேம் விண்டோஸுக்கும் குரோமுக்கும் பத்தாது. மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் எடுக்கும். தலை நகரும் நேரமும் சேர்ந்தால் அங்கங்கே சிதறிய சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூறு தடவைகூடப் படிக்க முடியாது. எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டே இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். பிராசஸர் பாவம், அதற்கு வேலையே வந்து சேரவில்லை.

ஆகவே 500 ஜிபி எஸ்எஸ்டி, 2.5 இன்ச், 7 மிமீ தடிமன். எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இ-யா (டிரைவ் பேசும் இரண்டு வேறு முறைகள்) என்று மாடல் நம்பரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாற்றி வாங்கினால் பொருந்தினாலும் டிரைவ் தெரியாது. பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்வதைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவது மேல். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே எடிஷனைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதென்றால் ரெகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள்.

ரேமில் கவனிக்க வேண்டியது, சில மாடல்களில் 4 ஜிபி போர்டிலேயே ஒட்டியிருக்கும், காலி ஸ்லாட் ஒன்றுதான். அதில் 8 ஜிபி டிடிஆர்4 போட்டால் மொத்தம் 12. இந்த பிராசஸர் 2133 வேகத்தில்தான் ஓட்டும், 2666 வாங்கினாலும் குறைத்துக்கொண்டு ஓடும். டிடிஆர்3எல் வேறு ஜாதி, ஸ்லாட்டிலேயே இறங்காது.

திறக்கும்போது இரண்டு விஷயம். கீழ் மூடி வந்தவுடன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் வேறெதையும் தொட வேண்டும். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் கை வைக்கும் இடத்தில் மேலே புடைத்துக்கொண்டு வரும், சில சமயம் டச்பேட் கேபிளையும் குத்திவிடும். மூடி வராமல் அடம்பிடித்தால் ரப்பர் காலுக்கு அடியில் இன்னொரு ஸ்குரூ ஒளிந்திருக்கும், நெம்பாதீர்கள். திறந்ததுதான் திறந்தீர்கள், ஃபேனைத் தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட்டும் மாற்றிவிடுங்கள்.

பேட்டரியில் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டைப் பார்த்து, இப்போது ஏறும் கொள்ளளவு முதலில் இருந்ததில் பாதிக்குக் கீழ் என்றால் மாற்றலாம். எப்போதும் ப்ளக்கில்தான் வேலை என்றால் அவசரமில்லை. ஆனால் டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றே நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறையிலிருந்து. 7200யு பட்டியலில் இல்லை. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ போதுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். டேலி மாதிரி விண்டோஸ் கட்டாயம் என்றால் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரேமுக்கும் பேட்டரிக்கும் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். எஸ்எஸ்டியை நாளை வேறு லேப்டாப்பிலும் போடலாம். இந்த மாடலுக்கான பேட்டரி இதோடு போய்விடும்.

என் கணக்கு இதுதான்: மொத்தச் செலவு, எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு பிசினஸ் லேப்டாப் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சரிசெய்வதை விட்டுவிடுங்கள். புது பட்ஜெட் மாடலைவிட திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490 போன்றவற்றின் உடம்பு கெட்டி, ஐ5-8250யு நான்கு கோர் (7200யு இரண்டுதான்), ரேம் ஸ்லாட்டும் இரண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்து வாங்கினால் கடையிலேயே பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்) போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டி480-ல் டைப்-சி போர்ட் வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும், அந்த போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்த மென்பொருள்) பழசாக இருந்தால் போர்ட் செத்துப்போகலாம்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் அதை 'குட்' என்று காட்டினால், யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.