யாருடைய ஆர்வம்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று மாதத்தில் விடுமுறை. டான்சானியாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்படியே ஐந்து நாளில் கிளிமஞ்சாரோவும் ஏறிவிட்டு வரலாம் என்று ஒரு பயண நிறுவனத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். சேவையோடு சாகசத்தைக் கலக்கக்கூடாது, மலையை விட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மலையை விடாதீர்கள். இல்லத்தை விட்டுவிடுங்கள்.

காரணத்துக்கு வருவதற்கு முன் உங்கள் கேள்வியில் இருக்கும் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். அதோடு எனக்கு நெடுநாள் வழக்கு. இதே பக்கத்தில் ஒரு தமிழாசிரியரோடு நான்கு இதழ்களுக்கு வாதாடியிருக்கிறேன். ‘தொண்டர்’ என்ற சொல்லைக் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன, வேறு சொல் வேண்டாமா என்றார் அவர். சரி, வேண்டும்தான். ஆனால் மாற்றியதில் பொருள் தலைகீழாகிவிட்டது என்பதை நான் இன்னும் விடவில்லை. தொண்டு என்றால் பழைய தமிழில் அடிமைப்பணி. தொண்டு செய்கிறவர் இன்னொருவர் சொற்படி நடப்பவர். என்ன வேலை, எத்தனை நாள் என்பதை எதிரில் இருப்பவரின் தேவைதான் முடிவு செய்யும். தன்னார்வத்தில் எல்லாமே ‘தன்’னிலிருந்து தொடங்குகிறது: என் ஆர்வம், என் விடுமுறை, என் இரண்டு வாரம்.

நீங்கள் போகிற நாட்டில் பேசும் சுவாகிலியில் இதற்குக் ‘குஜிடோலேயா’ என்று பெயர். அதிலும் ஒரு ‘தன்’ உண்டு. நடுவில் நிற்கும் ‘ஜி’ அதுதான். ஆனால் அங்கே ‘தான்’ கொடுக்கப்படும் பொருளாக நிற்கிறது. தன்னையே தருதல். இந்தச் சொல் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் பெரும் காதல்.

தன்னைத் தருவதற்கு நாள் பிடிக்கும். வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்ய ஆள் அனுப்புவதற்காக அமெரிக்கா 1961இல் தொடங்கிய ‘பீஸ் கோர்’ என்ற அமைதிப் படையில் சேர்கிறவர் 27 மாதம் தரவேண்டும். அதில் முதல் மூன்று மாதம் மொழியும் வேலையும் கற்றுக்கொள்ளவே போய்விடும்.

உங்கள் இரண்டு வாரத்தில் என்ன நடக்கும்? ஒரு குழந்தை உங்களோடு ஒட்டிக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிடும். நீங்கள் கிளம்புவீர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு வேறொருவர் வருவார், அதே பாட்டோடு, அதே அகரவரிசையோடு. ஆண்டுக்கு 26 பிரிவு. பெரியவர்களாலேயே தாங்கமுடியாத கணக்கு இது.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரை ஐந்தே ஆண்டில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இல்லங்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிக்கவைக்கிறோம் என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, பணம் கட்டி வரும் வெளிநாட்டாருக்குக் காட்டிய இடங்களும் இருந்தன. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதும் அந்த அடிமைமுறையில் சேர்ந்தது என்று பேசப்பட்டது. உங்கள் இல்லம் நல்ல இல்லமாகவே இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் பணம் கட்டினார் என்பதற்காகப் பிள்ளைகளின் நடுவில் விடுகிற எந்த இடத்தைப் பற்றியும் எனக்கு அச்சம்தான். அப்புறம், டான்சானியாவில் தன்னார்வலருக்கென்று தனி அனுமதி இருக்கிறது. உங்கள் பயண நிறுவனம் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னதா?

1968இல், மெக்சிகோவில் கோடைத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம், மெக்சிகோவில் வாழ்ந்த சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசினார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு நேர் எதிர்! அவரோடு முழுக்க ஒத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. சுவிட்சர்லாந்துக்காரரான பியர் செரசோல் இருக்கிறாரே. 1920இல், முதல் உலகப் போரில் சிதைந்த பிரான்சின் வெர்டன் பகுதியிலுள்ள எஸ்ன் கிராமத்தை மறுபடி கட்ட, ஜெர்மானியர்களையும் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியோடு போனார். 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாருக்கும் வந்து உழைத்தார். அவர் ஒரு பொறியாளர். அங்கே வீடு இடிந்து கிடந்தது, அவருக்குக் கட்டத் தெரிந்திருந்தது. உங்களுக்கு என்ன தெரியும், அதை யார் கேட்டார்கள்? இரண்டுக்கும் பதில் கிடைக்கிற நாளில் தாராளமாகப் போங்கள்.

இப்போது மலை. கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போனால், குறைந்த காற்றுக்கு உடல் பழகுவதற்காக, இரவில் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஐந்து நாள் பயணத்தில் அதைக் கடைப்பிடிக்க வழியே இல்லை. அங்குள்ள வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள், மெல்ல, மெல்ல. இல்லத்தை விட்டதில் மிச்சமாகும் நாட்களில் மூன்றை மலைக்குக் கொடுங்கள்.

அங்கே நீங்கள் தனியாக ஏறமுடியாது. உங்கள் கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் சுமைதூக்கிகளின் தலையிலும் தோளிலும்தான் ஏறும். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது தேசியப் பூங்காவின் விதி. குறைந்த கட்டணத்தில் ஏற்றிவிடுகிறேன் என்கிற நிறுவனம் முதலில் கைவைப்பது இவர்களுடைய கூலியிலும் சாப்பாட்டிலும்தான். கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகளுக்கான உதவித் திட்டம் ஒன்று 2003 முதல் நடக்கிறது; நியாயமாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை அவர்கள் வெளியிடுகிறார்கள். உங்கள் நிறுவனம் அதில் இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் இருக்கிறது என்றீர்கள். ஒரு மொழிக்கு அது போதாது. ஆனால் உங்கள் மூட்டையைத் தூக்கியவரிடம் பெயர் கேட்கவும், வீட்டில் யார் யார் என்று விசாரிக்கவும், கூலி முழுதாகக் கைக்கு வந்ததா என்று கேட்கவும் வேண்டிய சுவாகிலிக்குத் தாராளம். இன்றைக்கே தொடங்குங்கள்.