கடவுளின் சித்தம் தெளிவாகத் தெரியும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கடவுளை நம்புகிறேன், ஜெபிக்கிறேன். ஆனால் பெரிய முடிவு என்று வந்தால் கால் நகர மாட்டேன் என்கிறது. அவருடைய சித்தம் உறுதியாகத் தெரியும்வரை காத்திருப்பதா, தெரியாமலே அடியெடுத்து வைப்பதா? பயம் இருந்தாலே விசுவாசம் குறைவு என்றுதானே அர்த்தம்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

சபைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "உள்ளத்தில் சமாதானம் இருக்கிறதா பாருங்கள்" என்பதுதான். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை ஒரே அளவுகோலாக வைத்துக்கொண்டால் சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த இயேசுவே தேறமாட்டார். பிதாவின் சித்தம் என்ன என்று அறிந்தவர், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல விழும் அளவுக்கு வியாகுலப்பட்டார் என்று லூக்கா எழுதுகிறார். மனம் கலங்கியிருப்பதால் வழி தவறு என்று ஆகிவிடாது. மனம் அமைதியாக இருப்பதால் வழி சரி என்றும் ஆகிவிடாது. கடவுளின் கட்டளைக்குத் தப்பி யோனா ஓடிப்போன கப்பலில் நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்!

உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது போகும் இடம் தெரியாமலே புறப்பட்ட ஆபிரகாம் அல்ல, எரேமியா தீர்க்கதரிசி. அவர் புத்தகத்தின் 32-ம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழத்தான் போகிறது என்று சொன்னதற்காகவே எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு உறவினர் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். தேசமே அந்நியன் கைக்குப் போகப்போகிறது என்று ஊரறியச் சொன்ன மனிதர், 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து அந்த நிலத்தை வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நெடுநாள் கெடாமல் இருக்க வேண்டுமாம்.

இதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பணம் கொடுத்து, பத்திரத்தை ஒப்படைத்த பிறகுதான் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தைக் கடைசிவரை வாசித்துப் பாருங்கள். ஆண்டவரே, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போய்க்கொண்டிருக்கிறது, நீர் நிலம் வாங்கச் சொன்னீரே என்று முடிகிறது. நிலத்தை வாங்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் என்ன ஆகும் என்பது விளங்கவில்லை. தெரிந்த அளவுக்குச் செய்தார், விளங்காததை நேராகக் கடவுளிடமே கேட்டார். கேட்டதற்காக அவர் கண்டிக்கப்படவும் இல்லை. அந்த நிலத்தில் அவர் உழுது விதைத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. கடைசியில் மக்கள் அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நமக்கு வேண்டியது அடுத்த அடியைப் பற்றிய போதுமான தெளிவு. முடிவைப் பற்றிய உத்தரவாதம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நாம் "சித்தம் தெரியவில்லை" என்று சொல்லும்போது பல நேரம் மனதில் இருப்பது, "நஷ்டம் வராது என்று எழுதிக் கொடுங்கள்" என்பதுதான். சவுல் ராஜாவின் மகன் யோனத்தான், எதிரிகளான பெலிஸ்தரின் பாளையத்துக்கு ஏறிப்போகும்போது ஆயுததாரியிடம் சொன்னது, "ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்" என்று. அந்த "ஒருவேளை"யோடுதான் ஏறினான்.

கிதியோனின் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். மீதியானியரோடு போரிடப் போ என்ற கட்டளை கிதியோனுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆட்டுத்தோலைக் களத்தில் வைத்து, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும், பிறகு அதைச் சுற்றி மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டது பயத்தினால். கடவுள் பொறுமையாகப் பதில் கொடுத்தார் என்பது உண்மை, ஆனால் அதை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் அதே ரகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடலாமா? கூடாது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் வசனத்தோடு சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியும், சாத்தான்தான். சாகும் தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருடம் கூட்டிக் கொடுப்பதாக வாக்கே கிடைத்தது. அப்படியும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார். எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் மிரட்ட, நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். ஆகவே விசுவாசம் என்று சொல்லி மருந்தை நிறுத்துவது, திருப்பிக் கட்ட வழியில்லாமல் கடன் வாங்குவது, வீட்டில் யாரிடமும் கேட்காமல் வேலையை விடுவது எல்லாம் எனக்கு விசுவாசமாகத் தோன்றவில்லை. குறிப்பாக, உங்கள் துணிச்சலுக்கு வேறொருவர் விலை கொடுக்க வேண்டியிருந்தால், அவருக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு. தன் ஜனத்தைக் காப்பாற்ற அழைப்பில்லாமல் ராஜாவிடம் போகத் துணிந்த எஸ்தர் "நான் செத்தாலும் சாகிறேன்" என்றாள். பணயம் வைத்தது தன் உயிரை. அதற்கும் முன்பு எல்லோரையும் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னாள்.

இன்னொன்று, வழி தெளிவாகத் தெரிந்துவிட்டால் பாதை சுகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரசங்கிக்கப் புறப்பட்ட பவுலுக்கு ஆசியா மாகாணமும் பித்தினியாவும் தடைபட்டன, பிறகு மக்கெதோனியாவுக்கு வா என்று தரிசனமே கிடைத்தது. போனார். அங்கே பிலிப்பி நகரத்தில் அடியும் சிறையும் காத்திருந்தன. அதைப் பார்த்து அவர் தப்பான ஊருக்கு வந்துவிட்டோம் என்று முடிவு கட்டவில்லை.

உங்கள் முடிவு எதைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. பிடிக்காவிட்டால் திரும்பிவரக் கூடிய முடிவு என்றால், நியாயமான அளவுக்கு விசாரித்து, ஜெபித்து, தொடங்கிவிடுங்கள். மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும். திரும்ப முடியாத முடிவு என்றால், உங்கள் மனம் கோணினாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்லக்கூடிய இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவராவது இதே காரியத்தில் அடிபட்டவராக இருப்பது நல்லது. முடிவெடுக்க ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். போகாவிட்டாலும் தேதியைத் தள்ளாதீர்கள்.