பாசண்டர் என்றால் யார்?

அன்புள்ள ஐயா,

சிலப்பதிகாரத்தில் மாலதி கதை படித்தேன். அவள் வரம் வேண்டிப் பாடுகிடக்கும் தெய்வத்தின் பெயர் பாசண்டச் சாத்தன். அகராதியைப் பார்த்தால் பாசண்டன் என்றால் வேதத்துக்குப் புறம்பானவன் என்றிருக்கிறது. இந்தி பேசும் நண்பரோ, பாக்கண்டி என்றால் வேஷக்காரன் என்கிறார். கும்பிடும் தெய்வத்துக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றும் ஒரே சொல்தான். வடக்கே 'ஷ' சில இடங்களில் 'க' ஆகும். அப்படித்தான் வடமொழியின் பாஷண்டி பாக்கண்டி ஆனான். பொருள்தான் வழியில் கெட்டுப்போனது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் இந்தச் சொல்லைப் பாறைகளில் வெட்டிவைத்தான். குஜராத்தின் கிர்னாரில் உள்ள 12ஆம் சாசனத்தில், எல்லாப் பாசண்டங்களையும் தானத்தாலும் சிறப்பாலும் போற்றுவதாகச் சொல்கிறான். அப்புறம், தன் பாசண்டத்தைப் புகழ்ந்து பிறர் பாசண்டத்தை இகழாதே, நாவை அடக்கு என்கிறான். 'தன் பாசண்டம்' என்பதை நின்று படியுங்கள். அன்றைக்கு அது வசவு இல்லை. எனக்கும் ஒரு பாசண்டம், உங்களுக்கும் ஒரு பாசண்டம். கொள்கை வழி என்று மட்டுமே பொருள். இதே சாசனம் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் கிரேக்க மொழியிலும் கிடைத்திருக்கிறது. அங்கே இதற்குப் போட்டிருப்பது தத்துவப் பள்ளிகளைக் குறிக்கும் சொல்.

மனுநூலுக்கு வந்தால் நிலைமை வேறு. பாசண்டியை வாய்ச்சொல்லால்கூட உபசரிக்காதே என்கிறது 4ஆம் அத்தியாயம். சூதாடிகளோடும் கள் விற்பவர்களோடும் சேர்த்து அவர்களை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்கிறது 9ஆம் அத்தியாயம். இதற்கு மேல் 'என் பாசண்டம்' என்று யார் வாய்திறப்பார்? ஒரு சொல்லிலிருந்து 'நான்' போய் 'அவன்' மட்டும் மிஞ்சியது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

சிலம்பில் அந்தப் பழைய மதிப்பு இன்னும் இருக்கிறது. தொண்ணூற்றாறு வகைச் சமய சாத்திரத் தருக்கமே பாசண்டம் என்கிறது பழைய உரை. அத்தனையும் கற்றவன் சாத்தன். அவன் பெயரோடு ஒட்டியிருப்பது கல்விப் பெருமை.

மாலதியை மறுபடி பாருங்கள். மாற்றாளின், அதாவது சக்களத்தியின், குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. கணவனான பார்ப்பானும் அந்த மாற்றாளும் பழி சொல்வார்களே என்று நடுங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டம் கோட்டமாக, அதாவது கோயில் கோயிலாக, ஓடுகிறாள். முருகனின் வேற்கோட்டம், சமணரின் நிக்கந்தக் கோட்டம், ஒன்றையும் விடவில்லை. எது யாருடைய சமயம் என்று அவள் பார்க்கவில்லை. கடைசியில் பாசண்டச் சாத்தன் வாசலில் விழுந்து கிடக்கிறாள். அவன்தான் அந்தக் குழந்தையாகவே மாறி, குயில் கூவும் சோலை நிழலில் அவளுக்குக் கிடைக்கிறான். அவள் அள்ளிக்கொண்டு போய்த் தாயின் கையில் கொடுக்கிறாள்.