அப்பாவுக்கு ஒரு கேமரா

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். ஏரிக்கரை, மலைப்பாதை, புதர்க்காடு என்று எங்கே பறவை உண்டோ அங்கே போய்விடுவார். வண்ணத்துப்பூச்சி என்றாலும் உயிர். போனில் படம் எடுத்து வந்து, "இந்தப் புள்ளிதான் மீன்கொத்தி" என்று காட்டுவார். அவருக்குத் தெரியாமல் ஒரு கேமரா வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். கடையில் 125 மடங்கு ஜூம் உள்ள ஒன்றைக் காட்டுகிறார்கள். தம்பியோ லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராதான் சரி, அதுவும் இரண்டு லென்ஸோடு வரும் செட்டாக வாங்கு என்கிறான். அப்பா கண்ணாடி போடுபவர், கை லேசாக நடுங்கும். எதை வாங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

போகிறபோக்கில் எழுதிய உங்கள் கடைசி வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. கேமரா தேர்வை அவருடைய கண்ணிலும் கையிலும் இருந்து தொடங்குங்கள். ஜூம் எத்தனை மடங்கு, எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் அப்புறம்.

நல்ல வெயிலில் கேமராவின் பின்பக்கத் திரை வெளிறிப்போகும். வெள்ளெழுத்து உள்ளவருக்கு அது இன்னும் சிரமம். திரை தெளிவாகத் தெரியக் கையை நீட்ட வேண்டும், நீட்டிய கையில் கேமரா ஆடும். அதனால் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னச் சன்னல், இல்லாத கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் கேமரா முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், முழங்கைகள் விலாவோடு சேரும், நடுக்கம் அதிலேயே நன்றாகக் குறையும்.

வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். டயாப்டர் என்பார்கள். நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை, படம் மங்கலாகத் தெரிகிறது என்று கேமராவைக் குறை சொல்வார்கள். அதைச் சரிசெய்யும்போது எதிரே உள்ள காட்சியைப் பார்க்கக் கூடாது. உள்ளே தெரியும் படச் சட்டத்தின் அடியில் உள்ள எண்களைப் பார்த்தபடி சக்கரத்தை மெதுவாக உருட்டி, எண்கள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். படிக்க மட்டும் கண்ணாடி போடுபவருக்கு இதுவே போதும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்கான பவர்) இருந்தால் டயாப்டரால் அதைச் சரிசெய்ய முடியாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். தூரத்துக்கே கண்ணாடி போடுபவராக இருந்தாலும் கழற்றாமல் எடுப்பதுதான் நல்லது. கழற்றினால் பறவை எந்தக் கிளையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஆனால் கண்ணாடி போட்டிருந்தால் கண் சற்றுத் தள்ளி நிற்கும், சில கேமராக்களில் சட்டத்தின் மூலைகள் மறைந்துவிடும். கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுச் சட்டமும் தெரியும் என்பதைச் சொல்ல, விவரப் பட்டியலில் 'ஐ பாயிண்ட்' என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். அது 20க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

125 மடங்கு ஜூம் என்றதும் நிக்கான் பி1000 நினைவுக்கு வருகிறது. 2018-இல் வந்தது, எடை சுமார் 1.4 கிலோ. ஜூமை முழுக்க நீட்டினால் 3000 மி.மீ. லென்ஸுக்குச் சமம், நிலா சட்டத்தை நிறைத்துவிடும். ஸ்டாண்டில் வைத்து நிலாவை எடுப்பவருக்கு அருமையான கருவி. கையில் பிடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும் குருவியைத் தேடுவதோ குழாய் வழியாகக் காட்டைப் பார்ப்பது போலத்தான். கண்டுபிடிப்பதற்குள் பறந்துவிடும். அவ்வளவு ஜூமில் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சமும் குறைவு, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரும் போன் அளவுக்குச் சிறியது. உங்கள் அப்பா கிளம்புவதோ விடியலில். வெயில் ஏறிய பிறகு எடுக்கலாமே என்றால், தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் தூரத்துப் படமெல்லாம் நெளியும். எந்த ஜூமும் அதற்கு மருந்தாகாது.

தம்பி சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மிரர்லெஸ் வாங்குங்கள், ஆனால் தூரத்தில் உள்ளதைக் கிட்டே காட்டும் ஒரே ஒரு டெலி லென்ஸோடு. விரிந்த காட்சிகளுக்கு அவர் பையில் போன் இருக்கிறது. காற்றும் தூசியும் அடிக்கும் இடத்தில் நின்று லென்ஸ் மாற்றுவது யாருக்குமே எரிச்சல், கை நடுங்குபவருக்குப் பயமும் சேர்ந்துவிடும். நான் சொல்வது கேனான் ஆர்10 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதில் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸ். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆர்10-இன் சென்சார் அளவால் 400 மி.மீ. என்பது 640 மி.மீ. லென்ஸுக்குச் சமமாகும், பறவை எது என்று அதுவே கண்டுகொண்டு ஃபோகஸைப் பிடித்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சியை மிரட்டாமல் ஒரு மீட்டர் தள்ளி நின்றே சட்டம் நிறைய எடுக்கலாம், இந்த ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு குறை, இரண்டுமே மழை தாங்காது. பையில் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம் இருக்கட்டும்.

லென்ஸில் உள்ள நிலைநிறுத்தி கை நடுக்கத்தை ஈடுகட்டும், பறவையின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும். கொடுப்பதற்கு முன்பே நீங்கள் உட்கார்ந்து, ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) தானியங்கி, தொடர் ஃபோகஸ், பறவையைத் தேடு என்று அமைத்து, டயலில் உள்ள சி1-இல் சேமித்துவிடுங்கள். அவர் சி1-க்குத் திருப்பினால் போதும், மெனுவுக்குள் போய்த் தவிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு மணி நேர வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வாங்கிக் கொடுத்த பல கேமராக்கள் அலமாரியில் கிடப்பதற்கு மெனுதான் காரணம்.

கூடவே இன்னொரு பேட்டரி வாங்குங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் தோளில் குறுக்காகப் போடும் அகலப் பட்டை நல்லது. போனில் நேராகச் செருகும் கார்டு ரீடரும் வேண்டும், இல்லாவிட்டால் மீன்கொத்தியை உங்களுக்கு அனுப்ப ஒவ்வொரு முறையும் உங்களையே கூப்பிடுவார்.

அவருக்குத் தெரியாமல் வாங்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். பரிசு என்று இப்போதே சொல்லி, கடைக்கு அழைத்துப் போங்கள். இந்த லென்ஸை மாட்டிக் கையில் கொடுத்து, டயாப்டரைத் திருப்பிவிட்டு, வாசலில் நின்று எதிர்ப்பக்கப் பலகையில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சில நிமிடம் தூக்கிப் பிடித்திருக்கட்டும். கை வலிக்கிறது என்றால் லென்ஸைத் தூரம் குறைந்த, இன்னும் லேசான ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றாமலே நான்கு மூலையும் தெரிகிறது என்று அவர் சொன்னால் பில் போடச் சொல்லிவிடுங்கள்.