சினைப்பை ட்ரில்லிங்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி. ட்ரில்லிங் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் கரு நிற்குமா டாக்டர்?

எடுப்பதற்கு அங்கே கட்டியே இல்லையம்மா. ஓரத்தில் முத்துமாலை மாதிரி தெரிபவை, பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். ‘நீர்க்கட்டி’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

கேள்வி: அப்படியானால் ட்ரில்லிங்கில் என்னதான் செய்கிறார்கள்?

சூடு வைக்கிறார்கள். வயிற்றில் சிறு துளை போட்டு, லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயில் பார்த்தபடி ஊசிமுனையை விட்டு, ஒவ்வொரு சினைப்பையிலும் நாலு இடத்தில், இடத்துக்கு நாலு விநாடி, 40 வாட். இதுதான் வழக்கமான கணக்கு. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் திசு கொஞ்சம் கருகும். அந்த ஹார்மோன் குறைந்தால், நின்றுபோன முட்டை வளர வழி கிடைக்கும். முன்பு சிகாகோ மருத்துவர்கள் ஸ்டீனும் லெவந்தாலும் சினைப்பையில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தார்கள்; 1935-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். பலன் கிடைத்தது, ஆனால் வெட்டிய இடம் சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டிக்கொள்வது பெரிய தொல்லையானது. சூடு வைப்பதில் அந்த ஒட்டல் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: வயது 26. மாத்திரையே தராமல் நேராக ட்ரில்லிங் என்கிறார்கள்.

ஏன் என்று கேளுங்கள். முதலில் லெட்ரோசோல் என்ற, முட்டையை வளர்க்கும் மாத்திரைதான். அப்புறம், உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆயிற்றா? மருமகளை ஆபரேஷன் மேசை வரை கொண்டுபோன பிறகுதான் மகனுக்கு டெஸ்ட் எடுக்கிற வீடுகள் நிறைய.

கேள்வி: ஆறு மாதம் மாத்திரை, முட்டை வளரவில்லை. ஊசியா, ட்ரில்லிங்கா?

முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஊசி என்றால் அடிக்கடி ஸ்கேன். பல முட்டை ஒன்றாக வளர்ந்து இரட்டைக் குழந்தை உண்டாகும் வாய்ப்பும் கூடும். ஸ்கேனுக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவர் என்றால் நான் ட்ரில்லிங் பக்கம்தான் சாய்வேன். வழக்கமாக ஒரு முட்டைதான் வளரும். நீலச்சாயம் விட்டுக் கருக்குழாய் அடைப்பையும் அப்போதே பார்த்துவிடலாம். ஆனால் ஏஎம்ஹெச் (முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) குறைவாக இருந்தால் வேண்டாம், இருக்கிற முட்டையும் கருகும். உடல் எடை மிக அதிகமானால் பலன் குறைவு.

கேள்வி: ட்ரில்லிங் செய்து மூன்று மாதம். இன்னும் முட்டை வரவில்லை. பணம் வீணா?

வீண் என்று இப்போதே சொல்ல வேண்டாம். அதே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு மசியாத சினைப்பை, சூட்டுக்குப் பிறகு மாத்திரைக்கு இணங்குவது உண்டு.